டார்ச் சொல்லும் எண்

பழைய டார்ச் லைட்டுக்குப் பேட்டரி தீர்ந்துவருவதை மறைக்கத் தெரியாது. வெள்ளையாக விழுந்த வெளிச்சம் மஞ்சளாகும், மஞ்சள் செம்மஞ்சளாகும், கடைசியில் கண்ணாடிக்குள் இழை மட்டும் சிவந்து தெரியும். டங்ஸ்டன் இழைக்குக் கிடைக்கும் மின்னழுத்தம் குறைந்தால் அதன் வெப்பம் குறையும்; வெப்பம் குறைந்தால் ஒளியின் நிறம் சிவப்புப் பக்கம் நகரும். இந்த இயற்பியலைப் பள்ளியில் படிக்காதவர்களும் வெளிச்சத்தின் நிறத்தைப் பார்த்தே கட்டை இன்னும் இரண்டு நாள் தாங்குமா, இன்றைக்கே கடைக்குப் போக வேண்டுமா என்று சொல்லிவிடுவார்கள்.

தீர்ந்த பேட்டரிக் கட்டையைக் கழற்றி வெயிலில் காயவைத்து மறுபடி போடுகிற பழக்கம் தமிழ்நாட்டுக் கிராமங்களில் வெகுநாள் இருந்தது. அது மூடநம்பிக்கை அல்ல. துத்தநாக-கார்பன் கட்டை தொடர்ந்து வேலை செய்யும்போது, வேதிவினை நடக்கும் இடத்தில் விளைபொருள்கள் தேங்கி வழியை அடைத்துக்கொள்கின்றன. ஓய்வு கொடுத்தால் அவை மெல்லப் பரவி விலகும். சூடு அந்தப் பரவலை வேகப்படுத்தும். தீர்ந்துபோன ஆற்றல் திரும்பி வருவதில்லை. எடுக்க முடியாமல் உள்ளே சிக்கிக் கிடந்த மிச்சம் கொஞ்சம் கைக்கு வருகிறது, அவ்வளவே. இந்த அத்தியாயத்தில் மீண்டும் மீண்டும் வரப்போகும் விஷயம் இது: வேலையில் இருக்கும் பேட்டரி ஒரு எண்ணைச் சொல்லும், ஓய்வில் இருக்கும் பேட்டரி வேறொரு எண்ணைச் சொல்லும்.

எல்இடி டார்ச் வந்தபோது நிறம் பார்த்துக் கணிக்கும் வித்தை செல்லாமல் போனது. எல்இடி ஒளியின் நிறம் வெப்பத்திலிருந்து பிறப்பதில்லை. மின்சாரம் குறைந்தாலும் அது ஏறக்குறைய அதே வெள்ளையாகவே எரியும். அதோடு, நல்ல டார்ச்சுக்குள் டிரைவர் என்று ஒரு சின்ன வட்டப் பலகை இருக்கிறது. பேட்டரியின் அழுத்தம் இறங்கினாலும் எல்இடிக்குப் போகும் மின்னோட்டத்தை அது முடிந்தவரை ஒரே அளவில் பிடித்துவைக்கும். பயன்படுத்துகிறவருக்கு இது பெரிய சௌகரியம். ஆனால் கடைசி நிமிஷம் வரை ஒரே வெளிச்சம், பிறகு திடீரென்று இருட்டு. பினாங்கின் செரோக் தோக்குன் மலையில் விடியுமுன் ஏறுகிறவர் பாதி வழியில் இதைச் சந்தித்தால், பழைய மஞ்சள் பல்பே தேவலை என்று நினைப்பார்.

ஆகவே டார்ச் தானாகக் காட்டிக்கொடுத்ததை இப்போது கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. நிரல் எழுதப்பட்ட டார்ச்சுகளில் இருக்கும் ‘பேட்டரி செக்’ அதற்காக வந்தது.

பட்டர்வொர்த்தில் இருப்பவர்களுக்கு இந்தக் கதையின் பல பாகங்கள் அக்கம்பக்கத்து விவகாரம். நீரிணைக்கு அப்பால், பினாங்குத் தீவின் தென்கிழக்கில், பாயான் லெப்பாஸ். அன்றைய முதலமைச்சர் லிம் சோங் இயூ அங்கே சுதந்திர வர்த்தக வலயத்தைத் தொடங்கியபோது 1972-ஐ ஒட்டி வந்து சேர்ந்த முதல் எட்டு நிறுவனங்களைப் பினாங்கில் ‘எட்டு சாமுராய்கள்’ என்பார்கள். இன்டெல், ஏஎம்டி, பாஷ், ஹிட்டாச்சி என்று நீளும் அந்தப் பட்டியலில் எல்இடிக்கு இரண்டு பெயர்கள் முக்கியம். ஒன்று லிட்ரானிக்ஸ். அது சீமென்ஸ் கைக்குப் போய், பிறகு ஆஸ்ராம் ஆனது. இன்னொன்று ஹியூலெட்-பேக்கார்ட். அதன் எல்இடித் தொழில்தான் பின்னாளில் லூமிலெட்ஸ் என்ற நிறுவனமாகப் பிரிந்தது. முதல் தலைமுறைப் பவர் எல்இடி டார்ச்சுகள் பலவற்றில் எரிந்தது அந்நிறுவனத்தின் லக்ஸியான். கால்குலேட்டரில் சிவப்பு எண்களாக மினுங்கிய எல்இடியிலிருந்து கையில் பிடிக்க முடியாத அளவு சூடேறும் எல்இடி வரை, அந்தப் பயணத்தின் பெரும்பகுதியை இந்த ஊர்க்காரர்களின் கைகள் பார்த்திருக்கின்றன. தினமும் கம்பெனி பஸ்ஸிலும் மோட்டார் சைக்கிளிலும் பாலம் கடந்து தீவுக்கு ஷிப்ட் வேலைக்குப் போகிற செபராங் பிறைக் குடும்பங்களை இந்த வரலாற்றிலிருந்து விட்டுவிட முடியாது.

கிழக்கே பட்டர்வொர்த்–கூலிம் நெடுஞ்சாலையில் போனால் கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா. 2017 நவம்பரில் ஆஸ்ராம் அங்கே எல்இடிச் சில்லுகளுக்கான புதிய ஆலையைத் திறந்தது. 2023-இல் அதே கூலிமில் சீனாவின் ஈவ் எனர்ஜி உருளை வடிவ லித்தியம் மின்கல ஆலைக்கான கட்டுமானத்தைத் தொடங்கியது. தெற்கே சிரம்பானில் சாம்சுங் எஸ்டிஐ ஆலை 1991-லிருந்து இருக்கிறது. முதலில் தொலைக்காட்சிப் படக்குழாய் செய்த இடம், 2012-லிருந்து பேட்டரி செய்கிறது. டார்ச்சின் ஒளியும் உயிரும் இந்த மேற்குக் கரையிலேயே உருவாகின்றன. அவற்றை அளந்து சொல்லும் நிரல் மட்டும் வேறு இடத்தில் எழுதப்பட்டது. அதற்கு வருமுன் கட்டையைப் பற்றிச் சில வார்த்தை.

டார்ச்சுகளில் அதிகம் காண்பது 18650 என்ற அளவு: 18 மில்லிமீட்டர் குறுக்களவு, 65 மில்லிமீட்டர் நீளம். அதன் பெரிய தம்பி 21700. முழு சார்ஜில் இந்த லித்தியம் அயனிக் கட்டைகள் 4.2 வோல்ட் காட்டும். வேலை செய்யச் செய்ய இறங்கி, 3 வோல்ட்டை நெருங்கும்போது உள்ளே சொல்லிக்கொள்ளும்படி எதுவும் மிச்சமிருக்காது. வெள்ளை எல்இடி எரிவதற்கும் சுமார் 3 வோல்ட் வேண்டும். கட்டை காலியாகும் இடமும் எல்இடி மங்கும் இடமும் ஏறக்குறைய ஒன்றாக விழுந்தது டார்ச் செய்பவர்களுக்கு வாய்த்த அதிர்ஷ்டம்தான். ஒற்றைக் கட்டை, நடுவில் எளிமையான டிரைவர், முன்னால் எல்இடி. இவ்வளவில் வேலை முடிந்துவிடுகிறது.

4.2-க்கும் 3.0-க்கும் நடுவில் இறக்கம் சீராக இல்லை. 4.2-லிருந்து 4.0-க்கு வரும்போது கால்வாசிக்குக் குறைவாகவே செலவாகியிருக்கும். 3.9-க்கும் 3.6-க்கும் இடையில் கோடு சரிந்து படுத்துக்கொள்கிறது. கட்டையின் உழைப்பில் பெரும்பகுதி அந்தச் சின்ன இடைவெளிக்குள் நடக்கிறது. 3.5-க்குக் கீழே போய்விட்டால் மீதி மளமளவென்று இறங்கும். கட்டையின் வகைக்கும் வயதுக்கும் ஏற்ப இந்த எண்கள் கொஞ்சம் நகரும். ஆனாலும் பார்த்த மாத்திரத்தில் ஒரு கணக்குக்கு வர இவை போதும்.

கைபேசியில் ‘63 சதவீதம்’ என்று வருவது வேறு வழி. உள்ளே போன மின்னூட்டத்தையும் வெளியே வந்ததையும் அங்கே ஒரு தனிச் சில்லு ஓயாமல் எண்ணிக்கொண்டிருக்கிறது. டார்ச்சில் அப்படி ஒரு கணக்குப்பிள்ளை கிடையாது. கட்டையை எப்போது வேண்டுமானாலும் கழற்றி வேறொன்று போடலாம் என்பதால், வைத்தாலும் பயன் குறைவு. டார்ச் சொல்லக்கூடியது இந்த நொடியின் மின்னழுத்தத்தை மட்டுமே. அதிலிருந்து மிச்சத்தைக் கணிப்பது பிடித்திருப்பவரின் வேலை.

இதை எப்படிச் சொல்வது என்பதில் உற்பத்தியாளர்கள் ஆளுக்கொரு வழி போனார்கள். ஜீப்ராலைட் டார்ச்சில் அணைந்த நிலையில் நான்கு முறை அழுத்தினால் நான்கு மினுக்கு முதல் ஒரு மினுக்கு வரை வரும். நான்கு என்றால் நிறைய, ஒன்று என்றால் கொஞ்சம். நைட்கோர் எண்ணையே மினுக்கிக் காட்டுகிறது: நான்கு மினுக்கு, ஒரு இடைவெளி, இரண்டு மினுக்கு, ஆக 4.2. மலிவான டார்ச்சுகள் பச்சை, சிவப்பு என்று ஒரு பொட்டு விளக்கோடு நிறுத்திக்கொள்கின்றன. இவற்றில் எண்ணைச் சொல்லும் முறையே நேர்மையானது. ‘நான்கில் மூன்று’ என்று சொல்லும் டார்ச் தன் கணிப்பைச் சொல்கிறது. அந்தக் கணிப்பு எந்தக் கட்டையை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது என்று சொல்வதில்லை. ‘3.8’ என்று சொல்லும் டார்ச் அளந்ததைச் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது.

அந்த முறையை வெகுதூரம் கொண்டுபோனது அண்டூரில். டால்கியன் கதையில் வரும் வாளின் பெயரைத் தாங்கிய இந்த நிரலை எழுதியவர் டாய்கீப்பர் என்ற பெயரில் அறியப்படும் நிரலாளர். 2017-இலிருந்து வளர்ந்துவரும் இதன் மூலக்குறியீடு முழுவதும் பொது உரிமத்தில் திறந்து கிடக்கிறது. யாரும் படிக்கலாம், திருத்தலாம், தங்கள் டார்ச்சில் ஏற்றலாம். 2019-இல் ஆர்வலர்கள் சேர்ந்து வடிவமைக்க லூமின்டாப் தயாரித்த எஃப்டபிள்யூ3ஏ, எமிசாரின் டி4வி2, சோஃபிர்ன், வுர்க்கோஸ் என்று பல டார்ச்சுகளில் இது இருக்கிறது. ஒரே ஒரு பொத்தான். எத்தனை முறை அழுத்துகிறோம், கடைசி அழுத்தத்தை விடுகிறோமா பிடிக்கிறோமா என்பதிலேயே மொத்த மொழியும் அடங்கியிருக்கிறது.

அணைந்திருக்கும்போது மூன்று கிளிக். டார்ச் மினுக்கத் தொடங்கும். மூன்று மினுக்கு, சற்று நிறுத்தம், எட்டு மினுக்கு: 3.8 வோல்ட். கொஞ்சம் பெரிய நிறுத்தத்துக்குப் பிறகு மறுபடி அளந்து மறுபடி சொல்லும். ஒரு கிளிக்கில் நிறுத்தும் வரை ஓயாது. பூஜ்யத்துக்கு மினுக்கு ஏது? அதற்காக நொடியில் தோன்றி மறையும் ஒரு சிலிர்ப்பு வைத்திருக்கிறார்கள். நான்கு மினுக்குக்குப் பின் அந்தச் சிலிர்ப்பு வந்தால் 4.0. முதல் முறை பார்ப்பவர்கள் அதைத் தவறவிட்டு, டார்ச் பாதியில் நின்றுவிட்டது என்று நினைத்துக்கொள்வது வழக்கம்.

இந்த எண் எங்கிருந்து வருகிறது? ஏடிடைனி85 போன்ற, அரிசிமணியைவிடச் சற்றே பெரிய ஒரு சில்லிலிருந்து. ஒரு நீளத்தை அளக்க ஒரு அளவுகோல் வேண்டும். அழுத்தத்தை அளக்கவும் அப்படித்தான். சில்லுக்குள் சுமார் 1.1 வோல்ட் தரும் ஒரு நிலையான சுற்று இருக்கிறது. பேட்டரி எவ்வளவு இறங்கினாலும் இது அசையாது. சில்லு செய்வது என்னவென்றால், பேட்டரி அழுத்தத்தை 1,024 படிகளாகப் பிரித்து, இந்த 1.1 வோல்ட் எத்தனையாவது படியில் நிற்கிறது என்று பார்க்கிறது. பேட்டரி 4.2-இல் இருந்தால் 268-ஆவது படி. 3.0-க்கு இறங்கினால் 375. பேட்டரி இறங்க இறங்க எண் ஏறுகிறது. கணக்கைத் திருப்பிப் போட்டால் வோல்ட் கிடைத்துவிடும். இதில் ஒரு அழகு ஒளிந்திருக்கிறது. 4.2-க்கும் 4.1-க்கும் நடுவே ஆறேழு படிகளே உண்டு. 3.1-க்கும் 3.0-க்கும் நடுவே பன்னிரண்டு. கட்டை காலியாகும் நேரத்தில், எங்கே துல்லியம் உண்மையிலேயே வேண்டுமோ அங்கே, அளவுகோலின் கோடுகள் நெருங்கிவிடுகின்றன. யாரும் திட்டமிட்டுச் செய்ததல்ல, வகுத்தல் கணக்கு தானாகக் கொடுத்தது.

ஆனால் அந்த 1.1 வோல்ட் எல்லாச் சில்லிலும் சரியாக 1.1 அல்ல. தயாரிப்பாளரின் தரவுத்தாளே 1.0-க்கும் 1.2-க்கும் இடையில் எங்கும் இருக்கலாம் என்கிறது. ஒரு சில்லில் அது 1.15 என்று வைத்துக்கொள்வோம். நிரலுக்கு அது தெரியாது, 1.1 என்றே கணக்குப் போடும். சார்ஜரிலிருந்து அப்போதுதான் எடுத்த 4.2 வோல்ட் கட்டையை ‘4.0’ என்று சொல்லும். உடையவர் சார்ஜரைச் சந்தேகிப்பார், பிறகு கட்டையைச் சந்தேகிப்பார், கடையில் போய்ச் சண்டை பிடிப்பார். இரண்டும் நன்றாகவே இருக்கும். தவறு அளவுகோலில். சில பழைய டிரைவர்களில் கட்டையைத் தலைகீழாகப் போட்டால் காப்பாற்ற ஒரு டையோடு இருக்கும். அதுவும் தன் பங்குக்கு 0.2, 0.3 வோல்ட்டை எடுத்துக்கொள்ளும்.

இதைத் திருத்த அண்டூரிலில் வழி உண்டு. பேட்டரி எண் மினுக்கிக்கொண்டிருக்கும்போது ஏழு முறை அழுத்தி, ஏழாவதை விடாமல் பிடிக்க வேண்டும். ஒரு மினுக்கு வந்ததும் கையை எடுத்தால் டார்ச் படபடத்துக்கொண்டு காத்திருக்கும். இப்போது அழுத்தும் கிளிக்குகளின் எண்ணிக்கைதான் திருத்தம். ஏழு கிளிக் என்றால் மாற்றம் எதுவும் இல்லை. அதற்கு மேல் ஒவ்வொரு கிளிக்கும் 0.05 வோல்ட் கூட்டும், கீழே ஒவ்வொன்றும் 0.05 குறைக்கும். ஒரு கிளிக் என்றால் 0.30 குறைவு, பதின்மூன்று என்றால் 0.30 கூடுதல்.

எந்தச் சார்ஜில் வைத்துத் திருத்துவது? பலரும் முழு சார்ஜில் செய்கிறார்கள், ஏனென்றால் 4.2 என்பது எல்லோருக்கும் தெரிந்த எண். மேலே சொன்ன அதே சில்லை எடுத்துக்கொள்ளலாம். 4.2-ஐ 4.02 என்று சொல்கிறது. பதினோரு கிளிக் கொடுத்து 0.20 கூட்டியாயிற்று. இனி 4.2 சரிதான். ஆனால் கட்டை உண்மையில் 3.0-க்கு வரும்போது சில்லின் கணக்கு 2.87, கூட்டினால் 3.07. அதாவது காலியான கட்டையில் இன்னும் கொஞ்சம் இருப்பதாக டார்ச் சொல்லும். காரணம், சில்லின் பிழை விகிதத்தில் வருகிறது, நிரலின் திருத்தமோ நேராகக் கூட்டுகிறது. 3.7-ஐ ஒட்டி, கோடு படுத்திருக்கும் இடத்தில் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்துத் திருத்தினால் பத்து கிளிக்கே போதும். அப்போது 4.2 என்பது 4.17 ஆகவும் 3.0 என்பது 3.02 ஆகவும் வரும். இரண்டு ஓரத்திலும் பிழை அற்பம். அதனால் நடுவில் திருத்துவதே நல்லது என்று இந்த நூல் தயங்காமல் சொல்லும்.

அளவுகோல் சரியாகிவிட்டது. இனி எப்போது அளப்பது என்ற கேள்வி, இதில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள்.

எந்தப் பேட்டரிக்கும் உள்ளே ஒரு தடை உண்டு. நல்ல 18650 கட்டை, அதன் ஸ்பிரிங், டார்ச்சின் உடல் எல்லாம் சேர்த்து 30 மில்லி ஓம் என்று வைத்துக்கொள்ளலாம். சாதாரண வெளிச்சத்தில் அரை ஆம்பியர் ஓடினால் அந்தத் தடையில் விழுவது 0.015 வோல்ட், கண்ணுக்கே தெரியாது. ‘டர்போ’ என்று முழு வெளிச்சத்தை எழுப்பினால், நான்கு எல்இடி உள்ள டார்ச் பத்து ஆம்பியருக்கு மேல் இழுக்கும். பத்து ஆம்பியருக்கு 0.3 வோல்ட். ஓய்வில் 4.0 இருந்த கட்டை வேலையில் 3.7 என்று தோன்றும். வீட்டில் தண்ணீர் மோட்டார் போட்டதும் விளக்கு ஒரு கணம் மங்குவதுபோலத்தான் இதுவும். டர்போவை அணைத்தவுடனே மூன்று கிளிக் கொடுத்தால் எண் குறைவாக வரும். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் கழித்துக் கேட்டால் ஏறியிருக்கும். வெயிலில் வைத்த பழைய கட்டைக்கு நடந்ததன் லேசான வடிவம் இது: உள்ளே தேங்கியவை பரவி, சமநிலைக்குத் திரும்புகின்றன. திரும்பி ஏறிய எண்ணைப் பார்த்துக் கட்டை தானாகச் சார்ஜ் ஆகிவிட்டது என்று மகிழ எதுவும் இல்லை. ஆனால் மிச்சம் எவ்வளவு என்ற கேள்விக்கு அந்த ஓய்வு எண்ணே நெருக்கமான பதில்.

கடைசிக் கட்டத்தில் இந்த வேறுபாடு பிடிவாதமாகக் குறுக்கே வரும். சுமார் 2.8 வோல்ட்டில் அண்டூரில் தலையிட்டு வெளிச்சத்தைக் குறைக்கத் தொடங்கும், குறைக்க இடம் இல்லாதபோது அணைத்துவிடும். லித்தியம் கட்டையை அதற்குக் கீழே ஆழமாக இறக்குவது அதைக் கெடுக்கும். அணைந்த டார்ச் ஐந்து நிமிடம் கழித்துப் போட்டால் மறுபடி எரியும். மூன்று கிளிக் கொடுத்தால் 3.1 என்று கூடச் சொல்லும். ‘பேட்டரி கோங் இல்லை, இன்னும் இருக்கு’ என்று நினைத்து மலையில் மேலே ஏறிவிடக் கூடாது. அது எழுந்த எண், தங்கிய சார்ஜ் அல்ல. அந்த மிச்சம் மெல்லிய வெளிச்சத்தில் வழி தேடி இறங்க உதவும், அதற்கு மேல் எதிர்பார்ப்பது ஆபத்து.

நான்கு கட்டைகளைப் பக்கம் பக்கமாகப் போடும் சோஃபிர்ன் கியூ8 மாதிரி டார்ச்சில் இன்னொரு சிக்கல். நான்கும் ஒரே முனைகளில் இணைந்திருப்பதால் சில்லுக்குத் தெரிவது ஒரே அழுத்தம். அவற்றில் ஒன்று கிழடு தட்டியிருந்தாலும் எண்ணில் தெரியாது. 4.2 இருக்கும் கட்டையோடு 3.5 இருக்கும் கட்டையைச் சேர்த்துப் போட்டால், நிறைந்தது குறைந்ததற்குள் கட்டுப்பாடின்றி மின்சாரத்தைக் கொட்டும். தனித்தனியே அளந்து, சமமாக இருந்தால் மட்டும் உள்ளே போட வேண்டும்.

பேட்டரி எண் மினுக்கும்போது இரண்டு கிளிக் கொடுத்தால் டார்ச் வேறொன்றைச் சொல்லத் தொடங்கும்: தன் வெப்பநிலையை. மூன்று மினுக்கு, ஒரு மினுக்கு என்றால் 31 டிகிரி செல்சியஸ். டர்போவில் உடல் கொதிக்காமல் வெளிச்சத்தைத் தானாகக் குறைக்க இந்த அளவைத்தான் நிரல் நம்பியிருக்கிறது. பட்டர்வொர்த் வாசகர் இங்கே சற்று நின்று கவனிக்க வேண்டும். ஏடிடைனி85 காலத்துச் சில்லுகளின் வெப்ப உணர்வி, திருத்தாவிட்டால் பத்து டிகிரி வரை பிசகும். ஆகவே தொழிற்சாலை அமைப்புக்கு மீட்டெடுக்கும்போது நிரல் ஒரு அனுமானம் செய்கிறது: இப்போது அறை வெப்பநிலை 21 டிகிரி. குளிர்நாட்டு அறைக்கு அது பொருந்தும். பட்டர்வொர்த்தில் 21 டிகிரி என்பது ஏர்கான் முழுவேகத்தில் ஓடும் அலுவலகத்தில்தான் உண்டு. வீட்டுக் கூடத்தில், 30 டிகிரியில், மீட்டெடுப்பைச் செய்தால் டார்ச் அந்த முப்பதை இருபத்தொன்று என்று மனத்தில் பதித்துக்கொள்ளும். அதன் பிறகு 45 டிகிரியில் வெளிச்சத்தைக் குறைக்க வேண்டியது, கை தாங்காத 54 வரை காத்திருக்கும். பிழை கையில் சுடும்போதுதான் தெரியும்.

திருத்தும் வழி பேட்டரிக்குச் சொன்ன அதே வழி. வெப்பநிலை மினுக்கும்போது ஏழாவது அழுத்தத்தைப் பிடித்து, முதல் மினுக்கில் விட்டு, அறையில் இருக்கும் உண்மையான டிகிரி எத்தனையோ அத்தனை கிளிக் கொடுக்க வேண்டும். இந்த ஊரில் முப்பது கிளிக். சலிப்பாக இருக்கும், எண்ணிக்கை தவறினால் மறுபடி செய்ய வேண்டும், ஆனாலும் ஒரு முறை செய்தால் போதும். டார்ச் எரியாமல் ஒரு மணி நேரமாவது ஆறியிருப்பது முக்கியம். பிந்தைய தலைமுறைச் சில்லுகளில் உணர்வி தொழிற்சாலையிலேயே திருத்தி வருவதால் இந்த 21 டிகிரி அனுமானம் அங்கே இல்லை. குறிப்பேடு எழுதுகிறவர்கள் வெப்ப நாட்டுப் பயனாளரை நினைத்து இதை ஒரு வரியாவது எழுதியிருக்கலாம்.

சில டார்ச்சுகளில் லென்ஸுக்கு அடியில் சின்னச் சின்ன நிற விளக்குகள் உண்டு. அணைந்த நிலையில் ஏழு கிளிக் கொடுத்தால் அவற்றின் பிரகாசமும் மினுக்கும் விதமும் மாறும், ஏழாவதைப் பிடித்தால் நிறம் மாறும். அந்த நிறங்களில் ஒன்று ‘வோல்ட்’ அமைப்பு: கட்டை நிறைந்திருந்தால் ஊதா, இறங்க இறங்க நீலம், பச்சை, மஞ்சள் என்று வந்து கடைசியில் சிவப்பு. பழைய பல்பு சொன்ன அதே சேதி, கேட்காமலே கிடைக்கிறது. மின்வெட்டில் இருட்டுக்குள் துழாவும் கைக்கு டார்ச் இருக்கும் இடமும் தெரியும், அதன் நிலையும் தெரியும். இந்த விளக்கு 0.1 மில்லி ஆம்பியர் எடுக்கிறது என்று வைத்துக்கொண்டால், 3,000 மில்லி ஆம்பியர்-மணி கட்டை 30,000 மணி நேரம், மூன்றே கால் ஆண்டுக்கு மேல், அதைத் தாங்கும். பிரகாசத்தைக் கூட்டிவைத்தால் கணக்கு சில வாரங்களுக்குச் சுருங்கிவிடும். 2023-க்குப் பின் வந்த பதிப்புகளில், டார்ச்சை அணைத்ததும் சில நொடி இந்த நிறத்தைக் காட்டிவிட்டு ஓயும் வசதியும் சேர்ந்திருக்கிறது. டர்போவிலிருந்து அணைத்தால் அந்த நிறம் ஒரு படி கீழே இருக்கக்கூடும். காரணம் மேலே சொன்னதே.

இனி வெயில். பழைய கட்டைக்கு மருந்தாக இருந்த வெயில் லித்தியம் கட்டைக்கு விஷம். பெரும்பாலான தரவுத்தாள்கள் சார்ஜ் செய்வதற்கு 45 டிகிரியையும், பயன்பாட்டுக்கு 60 டிகிரியையும் மேல் எல்லையாகப் போடுகின்றன. பிறையிலோ பாகான் ஜெர்மாலிலோ வெட்டவெளியில் நிறுத்திய காரின் டாஷ்போர்டு நடுப்பகலில் அந்த அறுபதைத் தாண்டிவிடும். அதிலும் முழு சார்ஜில் வைத்திருந்தால் உள்ளே சிதைவு வேகமாக நடக்கும், ஏனென்றால் உயர் அழுத்தமும் உயர் வெப்பமும் ஒன்றையொன்று தூண்டிவிடுகின்றன. அவசரத்துக்கென்று காரில் போட்டுவைக்கும் டார்ச்சுக்குள் லித்தியம் கட்டை இல்லாமல், சாதாரண ஆல்கலைன் போடும் டார்ச்சாக இருப்பது நல்லது. வீட்டில் பல மாதம் சும்மா இருக்கப்போகும் கட்டைக்கு 3.6-லிருந்து 3.8 வரை உகந்த இடம். மூன்று கிளிக் கொடுத்து அந்த எண்ணைப் பார்த்து வைத்தால் போதும்.

இப்படி வெப்பத்தில் கிடந்து மூப்படைந்த கட்டையை அதே பேட்டரி செக் மூலம் கண்டுபிடிக்கவும் முடியும். மூப்பில் கொள்ளளவு குறைவதோடு உள்தடையும் ஏறுகிறது. புதிய கட்டையையும் சந்தேகத்துக்குரிய கட்டையையும் ஒரே சார்ஜில், ஓய்வில் இரண்டும் 4.0 காட்டும்படி வைத்துக்கொள்ள வேண்டும். ஒரே டார்ச்சில் முதலில் ஒன்றைப் போட்டு டர்போவில் பத்து நொடி, அணைத்ததும் தாமதிக்காமல் மூன்று கிளிக், எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். டார்ச் ஆறியபின் மற்றதைப் போட்டு அதே பத்து நொடி, அதே மூன்று கிளிக். புதியது 3.9-இல் நின்று, பழையது 3.7-க்கு விழுந்து மெல்ல ஏறினால், ஓய்வில் ஒரே எண் சொன்ன இரண்டும் ஒரே கட்டைகள் அல்ல. பழையதைத் தூக்கிப் போட வேண்டிய அவசியமில்லை. அரை ஆம்பியர் இழுக்கும் படிக்கும் விளக்குக்கு அது இன்னும் ஒரு வருடம் உழைக்கலாம். மலைக்கும் கடலுக்கும் கொண்டுபோகும் டார்ச்சில் மட்டும் அதைப் போடக் கூடாது. இரண்டு தசமம் மினுக்கும் புதிய பதிப்பு இருந்தால் இந்தச் சோதனையில் வித்தியாசம் இன்னும் தெளிவாகத் தெரியும். மினுக்குகளை எண்ணக் கொஞ்சம் கூடுதல் பொறுமை வேண்டும்.